சென்னை முறை கண்ட பெல்

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கு நோக்கித் திரும்பும் இடத்தில் அமைந்த கொங்கு நாட்டுத் திருத்தலம் கொடுமுடி. அவ்வூரையும் உள்ளடக்கியிருந்த கோயம்புத்தூர் மாவட்டத்தில், 1822 ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ கணக்கெடுக்கச் செய்தபோது, 700க்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே.

அப்பள்ளிகளில் மேசை இல்லை, நாற்காலி இல்லை, கரும்பலகையும் இல்லை. தரையிற் பரப்பிய மணலே இளஞ்சிறார்க்கு முதற் சுவடி. அவர்கள் விரலால் எழுத்தை வரைவர். வாயால் அதனை ஒலிப்பர். பிழை நேரின் கையால் அழித்து மீண்டும் எழுதுவர். ஆசிரியர் ஒருவர், மாணவரோ பல நிலையினர். ஆதலின் முன்னே கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடஞ் சொல்லுவான். இத்தகைய எளிய பள்ளியொன்றைக் கண்டு அயல்நாட்டார் ஒருவர் கற்ற பாடம், பின்னர்க் கடல் கடந்து பரவிற்று. அவரே ஆண்ட்ரூ பெல் என்பார்.

பெல், ஸ்காட்லாந்து நாட்டுச் செயிண்ட் ஆண்ட்ரூசு நகரில் 1753 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் முடி திருத்துந் தொழிலினர். அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பயின்ற பெல், சில்லாண்டுகள் அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தார். பின்னர்ச் சமயகுருவாகி, 1787 இல் சென்னைக்கு வந்தார்.

ஐரோப்பியப் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென எழும்பூரில் ஒரு காப்பகப் பள்ளி 1789 இல் தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையை ஏற்ற பெல், அதற்கென ஊதியம் பெற மறுத்தார். ஆனால் பள்ளியின் நிலையோ அவருக்குக் கவலையளித்தது. ஆசிரியரிடம் ஊக்கம் இல்லை. சிறுவரிடம் ஒழுங்கு இல்லை. எழுத்துகளை அறிவதற்கே நெடுநாள் கழிந்தது.

ஒருநாட் காலையிற் குதிரைமீது சென்ற பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். சிறுவர்கள் மணலில் எழுத்தெழுதும் காட்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. உடனே தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு பணித்தார். கீழ்வகுப்பு ஆசிரியரோ அது இயலாதென மறுத்தார். பெல் மனந்தளர்ந்திலர். படைவீரர் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதெனப்பட்டதை அச்சிறுவன் செய்து காட்டினான்!

அது கண்ட பெல், பள்ளி முழுவதையும் திருத்தியமைத்தார். மாணவரை அறிவு நிலைக்கேற்பப் பல வகுப்புகளாகப் பிரித்தார். வகுப்புதோறும் கற்பிக்கும் மாணவன் ஒருவனும் அவனுக்குத் துணைவன் ஒருவனும் இருந்தனர். கற்றதிற் சிறந்தவன் முன்னிடத்துக்கு ஏறுவான். தளர்ந்தவன் கீழிடத்துக்கு இறங்குவான். அன்றாடப் பாடம் ஏட்டிற் குறிக்கப்பெற்றது. குற்றங்களுக்கெனத் தனி ஏடு இருந்தது. அவற்றை மாணவர் குழுவே ஆராய்ந்து தீர்ப்புக் கூறிற்று. அதனால் பிரம்புக்கு வேலை குறைந்தது.

பெல் 1796 இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்றே வழங்கலாயிற்று. 1811 இல் தோன்றிய தேசியக் கழகம் அதனை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. பெல் 1832 இல் மறைந்தபோது அம்முறையைத் தழுவிய பள்ளிகள் 12,000க்கு மேல் இருந்தன. தம் பெருஞ்செல்வத்தையும் அவர் கல்விக்கே வழங்கினார். அவர் கொடையால் செயிண்ட் ஆண்ட்ரூசில் எழுந்த பள்ளி, சென்னைக் கல்லூரி என்னும் பொருள்படும் பெயர் தாங்கி இன்றும் விளங்குகின்றது.

மணலில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பள்ளியிற் கண்டதாகப் பெல் மறையாது எழுதினார். மாணவனே மாணவனுக்குக் கற்பித்தல் தாமே கண்ட வழி என்பது அவர் கருத்து. எனினும் சட்டாம்பிள்ளை வழக்கம் இந்நாட்டில் முன்னரே இருந்ததாகும். இந்நாட்டுப் பள்ளிகளின் முறையே இங்கிலாந்திற் பின்பற்றப்பெற்றது எனப் பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823 இல் தம் அறிக்கையிற் குறித்தார்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. சிறுவன் தான் அறிந்த அளவே பிறர்க்குக் கூற இயலும். பொருளுணராது மனப்பாடஞ் செய்யும் வழக்கமும் அதனால் வளர்ந்தது. ஆதலின் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அவ்விடத்தைப் பெறலாயினர். சட்டாம்பிள்ளை ஆசிரியர்க்குத் துணையாகலாம், ஆசிரியராதல் அரிது.

ஆயினும் பெல் காட்டிய உண்மை ஒன்று அழியாதது. பள்ளிக்கு அழகு தருவன உயர்ந்த கட்டடமும் விலையுயர்ந்த பொருள்களும் மட்டுமல்ல. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் இடமும் ஒரு கடமையும் அமையுமாயின், அங்கே ஒழுங்கு தானே வந்து சேரும். தான் கற்றதை அருகிலிருப்பவனுக்கு எடுத்துச் சொல்லும் மாணவன், அதனை இருமுறை கற்றவனாகின்றான். ஒரு பிடி மணலிலிருந்து இதனை அறியக் கண் திறந்திருத்தல் வேண்டும். அக்கண் பெல்லுக்கு வாய்த்திருந்தது.