களிமண்ணின் கணக்கை எழுதிய துணைவேந்தர்

பேராசிரியர் அழகையா துரைராஜாவின் பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவரது சைக்கிள். எரிபொருள் தடை இருந்த காலத்தில் துணைவேந்தர் சைக்கிளில்தான் பல்கலைக்கழகம் போய்வந்தார். இறந்தபின் விடுதலைப் புலிகள் வழங்கிய மாமனிதர் பட்டமும் ஞாபகத்தில் இருக்கும். ஆனால் உலகெங்குமுள்ள மண்பொறியியலாளர்கள் அவரை அறிந்தது வேறொரு காரணத்துக்காக. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1934 நவம்பர் 10இல் பிறந்தவர். உடுப்பிட்டி, இமையாணனைச் சேர்ந்தவர். ஹாட்லிக் கல்லூரி மாணவர். 1957இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியலில் முதல் வகுப்பில் சித்தியடைந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கென்னத் ரொஸ்கோவின் குழு ஒரு பழைய சிக்கலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது: மண் எப்போது விட்டுக்கொடுக்கிறது?

இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் களைத்து முறியும். கண்ணாடி சட்டென்று உடையும். மண் இந்த இரண்டிலும் சேராது. அதன் பலம் எவ்வளவு இறுக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு நீர் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். கோடையில் செங்குத்தாக நின்ற சுவர், மாரி மழையில் நனைந்ததும் சரிந்து விழும். துகள்களுக்கிடையே புகுந்த நீர் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கத் தொடங்கினால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி அந்தளவுக்குத் தளரும்.

துரைராஜா வெண்களியையும் மணலையும் பரிசோதித்தார். உருளை வடிவ மாதிரியை மெல்லிய இறப்பர் உறையில் இட்டு, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து நசுக்குவது முறை. மாதிரி எவ்வளவு குறுகியது, எவ்வளவு நீர் வெளியேறியது என்று அளந்து, செலுத்திய சக்தி எங்கே போனது எனக் கணக்குப் பார்த்தார். கிடைத்த விடை எதிர்பாராத அளவுக்கு எளிமையானது. கனவளவு மாறினாலும் மாறாவிட்டாலும், மண்ணுக்குள் இழக்கப்படும் சக்தி உராய்வினால் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது: அழுத்தம், உராய்வு மாறிலி, உருத்திரிபு ஆகிய மூன்றின் பெருக்கம். அவரது கலாநிதி ஆய்வு 1961ஆம் ஆண்டுக்குரியது. 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவரின் பெயரில் ஜியோடெக்னிக் சஞ்சிகையில் வந்த கட்டுரை, ஈரக்களி எந்த எல்லையில் இளகத் தொடங்கும் என்பதைச் சமன்பாடாக்கியது. கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் அதைக் கேம் களி மாதிரி என்றார்கள். அணைக்கட்டு, சுரங்கப்பாதை, மென்களியில் எழுப்பும் வீதி அணை எனப் பலவற்றைக் கணிக்க அதன் வழிவந்த மாதிரிகள் இன்றும் கணினிகளில் ஓடுகின்றன. அவற்றில் அவர் பெயர் கிடையாது, ஆற்றின் பெயர்தான் நிலைத்தது.

நாடு திரும்பிப் பேராதனையில் பேராசிரியராகவும் பொறியியற்பீடாதிபதியாகவும் இருந்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பேற்றபோது இந்தியப் படை இங்கே நிலைகொண்டிருந்தது. 1990 ஜூனில் மீண்டும் போர். மின்சாரம் போனது, மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட, பின்னர் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்துதான் வெளியே போக முடிந்தது. இந்த நிலையில் பல்கலைக்கழகத்தை மூடாமல் வைத்திருந்ததே பெரிய காரியம். அவரோ அதே 1990இல் கிளிநொச்சியில் விவசாயபீடம் தொடங்குவதையும் நடத்திக் காட்டினார்.

இரத்தப் புற்றுநோயால் 1994 ஜூன் 11இல் கொழும்பில் காலமானார். வயது 59. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கெனப் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியபோது, அவர் இறந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.