திண்டுக்கல் சீமை கைமாறிய அமைதி: காரன்வாலிஸ் வாழ்வும் 1792 உடன்படிக்கையும்

முன்னுரை

திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர், மைசூரார், கும்பினியார் என மூவர் ஆட்சியையும் கண்டது. 1755இல் ஐதர் அலி இங்குப் பவுஜ்தாராக அமர்ந்தார். கும்பினிப் படை கோட்டையை 1767இல் கைப்பற்றி மறு ஆண்டே இழந்தது; 1783இல் மீண்டும் கைப்பற்றி, 1784 மங்களூர் உடன்படிக்கையின்படி திருப்பியளித்தது. இக்கைமாற்றங்கள் 1792இல் முடிவுற்றன. அம்முடிவை வகுத்த படைத்தலைவரின் வாழ்வை, வென்றவர் வழங்கும் அமைதி யாருக்கு உரியது என்னும் வினாவோடு இக்கட்டுரை நோக்குகிறது.

வாழ்வும் போரும்

சார்லஸ் காரன்வாலிஸ் 1738 டிசம்பர் 31இல் இலண்டனில் பிறந்தார். இளமையிலேயே படையிற் சேர்ந்த அவர், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் தோற்றுச் சரணடைய நேர்ந்தது. எனினும் 1786இல் தலைமை ஆளுநராகவும் படைத்தலைவராகவும் கல்கத்தா வந்தார்.

1789 இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் அரண்களைத் தாக்கியமை போருக்குக் காரணமாயிற்று. 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட, திண்டுக்கல் கோட்டைக் காவற்படை பணிந்தது. மறு ஆண்டு காரன்வாலிஸ் தாமே களத்தலைமை ஏற்றார். மார்ச்சில் பெங்களூர் வீழ்ந்தது. மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும், உணவும் இழுவை மாடுகளும் அற்றுப்போனமையால், முற்றுகைப் பீரங்கிகளை அழித்துவிட்டுப் பின்வாங்கினார். 1792 பிப்ரவரி 6 இரவு நடத்திய தாக்குதலே போரின் போக்கை முடிவுசெய்தது.

உடன்படிக்கை

1792 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் செலுத்தவும், மைந்தர் இருவரைப் பிணையாக அளிக்கவும் இசைந்தார். மராத்தியரும் நிஜாமும் தத்தம் பங்கைப் பெற்றனர். மலபார், பாராமகால், திண்டுக்கல் ஆகியன கும்பினிக்குக் கிடைத்தன. திப்புவின் அரியணை எஞ்சியது. பிணைமைந்தர் 1794இல் திரும்பினர்.

இவ்வமைதிக்கு உரோம வரலாற்றில் ஓர் இணை உண்டு. கி.மு. 197இல் மாசிதோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பை வென்ற பிளமினினஸ், பொருளும் பிணையாக மன்னர் மகனையும் பெற்று, அரியணையை அவருக்கே விட்டார். ஆயினும் கிரேக்க நகரங்களுக்கு விடுதலை அறிவித்து, கி.மு. 194இல் உரோமப் படையை அழைத்துச் சென்றார். திண்டுக்கல்லில் அத்தகைய அறிவிப்பு எழவில்லை. வந்த படை நிலைத்தது, வரித்தண்டலும் தொடர்ந்தது.

அமைதிக்குப் பின்

உடன்படிக்கையிற் பாளையக்காரர் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவர்தம் நிலமே அதிற் கைமாறியது. அவர்களது காவலுரிமையும் வரியுரிமையும் கும்பினியின் கணக்குகளுக்கு உட்பட்டன. அதன் விளைவு பத்தாண்டுக்குள் வெளிப்பட்டது. 1800–1801 கிளர்ச்சியில் திண்டுக்கல் கூட்டணிக்குத் தலைமையேற்ற விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். காரன்வாலிஸ் 1793இல் வங்கத்தில் நிறுவிய நிலையான நிலவரித்திட்டம் பின்னர்த் திண்டுக்கல்லிலும் புகுத்தப்பட்டது; இங்கு அது வேரூன்றவில்லை.

முடிவுரை

காரன்வாலிஸ் 1802இல் பிரான்சுடன் ஏமியன்ஸ் உடன்படிக்கையைச் செய்தார். ஓராண்டிலேயே அது முறிந்தது. ஸ்ரீரங்கப்பட்டண அமைதியும் 1799இல் திப்புவின் வீழ்ச்சியோடு மறைந்தது. 1805இல் மீண்டும் தலைமை ஆளுநராக வந்தவர், அக்டோபர் 5இல் காசிப்பூரில் மறைந்தார். அரசர்களுக்கிடையே அவர் செய்த உடன்படிக்கைகள் குறுகிய காலமே நின்றன. அவற்றின்வழிக் கைமாறிய திண்டுக்கல் சீமையோ 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. எனவே 1792ஐ, மைசூர்ப் போரின் முடிவாக மட்டும் கொள்ளாது, பாளையக்காரர் எதிர்ப்பின் தொடக்கமாகவும் கொள்வதே பொருந்தும்.