மரத்துக்குள் இருந்த உறவினர்

புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தொக்குன் மலையடிவாரத்தில் நடக்கச் செல்பவர்கள் பாதையோரத்தில் முறிந்து கிடக்கும் சுள்ளிகளையும் வேர்களையும் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு சுள்ளியைக் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு சென்ற முதியவர் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவர்தாம் இந்தியாவின் புகழ்பெற்ற ஓவியர் அபனீந்திரநாத் தாகூர்.

அபனீந்திரநாத் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் பிறந்தார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் அவருக்குச் சிற்றப்பா முறை. இளமையில் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் ஓவியம் கற்றார். பின்னர் அந்தப் பாணியிலிருந்து விலகி, முகலாய ஓவியங்களின் நுணுக்கத்தையும் ஜப்பானிய ஓவியர்களின் மென்மையான நீர்வண்ண முறையையும் தம் கைக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்டார். 1905இல் அவர் வரைந்த ‘பாரத மாதா’ நாடெங்கும் பேசப்பட்டது. நந்தலால் போஸ் அவருடைய மாணவர். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவரிடம் பயின்றவரே. சிறுவர்களுக்காக அவர் எழுதிய கதைகளை வங்காளத்தில் இன்றும் படிக்கிறார்கள்.

இவ்வளவு புகழ் பெற்றவர், முதுமையில் தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு மரத்துண்டுகளோடு உட்கார்ந்தார். காய்ந்த கிளை, வேர், மூங்கில் துண்டு, மரப்பட்டை, உலர்ந்த விதை எனத் தோட்டத்தில் கிடைத்தவையெல்லாம் அவருக்குப் பொருள்களாயின. அவற்றிலிருந்து பறவைகளும் விலங்குகளும் மனிதர்களும் பிறந்தார்கள். அவற்றிற்குக் ‘காட்டும் குட்டும்’ என்று பெயர் வைத்தார். வங்காளத்தில் ‘குட்டும்’ என்றால் உறவினர். நம் ‘குடும்பம்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். எங்கோ மரத்துக்குள் ஒளிந்திருந்த உறவினரை அடையாளம் கண்டு வெளியே அழைத்து வருவதாகவே அவர் இந்த வேலையைக் கருதினார்.

மரத்தோடு பழகியவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு மரத்துண்டிலும் இழைகள் ஒரு திசையில் ஓடுகின்றன. அத்திசையில் உளியை ஓட்டினால் மரம் வழிவிடும். எதிர்த் திசையில் ஓட்டினால் சிராய் எழும்பும். சில வேளைகளில் துண்டே பிளந்துவிடும். கிளை பிரிந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கும். அங்கே இழைகள் சுழன்று ஓடும், உளி தடுமாறும். தச்சருக்கு முடிச்சு ஒரு குறை. அபனீந்திரநாத்துக்கோ அது ஒரு கண்ணாகலாம், ஒரு முழங்காலாகலாம். ஆகவே, அவர் மிகக் குறைவாகவே வெட்டினார். மரம் வளைந்திருந்தால் அந்த வளைவே கழுத்து. கவட்டை இருந்தால் அதுவே கால்கள். சில உருவங்கள் இன்ன விலங்கு என்று சொல்ல முடியாதபடி வெறும் அசைவாக மட்டுமே நின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் பிரான்குசி, ஹென்றி மூர் போன்ற சிற்பிகளும் மரத்தின் இயல்பை மதித்துச் செதுக்கினார்கள். ஆனால், அவர்கள் பெரிய மரக்கட்டைகளை உளிகொண்டு குடைந்தவர்கள். இவரோ உளிக்கு வேலையே இல்லாத துண்டைத் தேடி அலைந்தவர்.

பெரிய ஓவியர் பொம்மை செய்து பொழுதைப் போக்குகிறார் என்று எண்ணத் தோன்றும். அந்த ஆண்டுகள் அவருக்கு எளிதானவை அல்ல. வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் அவரோடு அமர்ந்து ஓவியம் வரைந்த அண்ணன் ககனேந்திரநாத் 1938இல் மறைந்தார். 1941 ஆகஸ்டு 7ஆம் நாள், அபனீந்திரநாத்துக்கு எழுபது வயது நிறைந்த அதே நாளில், பக்கத்து வீட்டில் இரவீந்திரநாத் உயிர் நீத்தார். பின்னர், அவர் பிறந்து வளர்ந்த வீடும் கைமாறியது, இடிக்கப்பட்டது. அந்தத் தாழ்வாரமும் அதோடு போயிற்று. முதியவர் பராநகரில் உள்ள ஒரு தோட்ட வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1942இல் விசுவபாரதியின் வேந்தர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

சுள்ளி பொறுக்கும் வேலையை மட்டும் அவர் விடவில்லை. உறவுகளை இழந்த ஒருவர் தாம் செய்த உருவங்களுக்கு உறவினர் என்று பெயரிட்டிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. 1951ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அபனீந்திரநாத் காலமானார்.

அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கூடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் காணலாம். மர உருவங்களைக் காப்பது அவ்வளவு எளிதன்று. உலர்ந்த சுள்ளி ஒடியும், செல்லரிக்கும். எஞ்சியவற்றுள் சில உள்ளங்கையில் அடங்கும் அளவே ஆனவை. அவற்றில் உளி பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கூர்ந்து பார்க்க வேண்டும்.