பீங்கான் பல்லுறை கண்ட சார்ல்ஸ் லாண்டு

1927-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் மாகடலைத் தன்னந்தனியே, இடையில் எங்கும் இறங்காது விமானத்திற் கடந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் பெயரைக் கேளாதார் நம்மிற் சிலரே. அவர்தம் தாயைப் பெற்ற பாட்டனாரோ பல் வைத்திய உலகிற் பெரும்புகழ் படைத்தவர். அதற்கு வெளியே அவரை அறிந்தார் குறைவு. அவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சார்ல்ஸ் ஹென்றி லாண்டு 1847-ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்து, அமெரிக்காவின் டிட்ராயிட் நகரிற் பல் வைத்தியராய் வாழ்ந்தார். அந்நாளிற் சிதைந்த முன்பல்லுக்குப் பீங்கான் தலை பொருத்துவோர், பெரும்பாலும் ஈறு மட்டத்தோடு பல்லை வெட்டி, உள்நரம்பை மாய்த்து, வேரினுள் முளையிட்டே பொருத்தினர். அழகின்பொருட்டு உயிருள்ள பல் மாண்டது. லாண்டு கண்ட வழியோ, பல்லைச் சுற்றிலும் சிறிது தேய்த்துவிட்டு, எஞ்சிய பகுதியை உயிரோடு வைத்தே அதன்மேல் மெல்லிய பீங்கான் சட்டை அணிவிப்பதாம்.

சட்டை அளவு தவறினால் தையற்காரன் பிரித்துத் தைப்பான். பீங்கானுக்கு அது செல்லாது. நீரிற் குழைத்த பீங்கான் பொடியை உலையிலிட்டால், துகள்கள் உருகி ஒட்டுங்கால் அதன் பருமன் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். குயவர் பானையும் சூளையிற் சுருங்குவதே. ஆயின் பானை எந்தப் பல்லின்மேலும் பொருந்த வேண்டுவதில்லை! உறையின் விளிம்பில் இடைவெளி மிகுந்தால் ஒட்டுச்சாந்து உமிழ்நீரிற் கரையும். அவ்வழியே சொத்தை உட்புகும். காக்க வந்த உறையே பல்லை மறைவில் அழிப்பதாய் முடியும்.

லாண்டு பீங்கானுக்கு ஓர் உள்ளச்சு கொடுத்தார். மிக மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் வடிவிற் படியத் தேய்த்து, அதன்மேற் பீங்கானைக் கட்டிச் சுட்டார். பிளாட்டினம் உருக 1,768 பாகை சென்டிகிரேடு வேண்டுமாதலின் உலைவெப்பம் அதனை உருக்காது. சுருங்கும் பீங்கானும் அதனைக் கடந்து உட்செல்லாது. முதற் சூட்டில் விழுந்த பிளவுகளிற் பின்னும் குழம்பிட்டு மீண்டும் சுடுவர். இறுதியில் தகட்டை உரித்தெடுக்க, அது இருந்த இடமே ஒட்டுச்சாந்துக்கு ஆகும். இம்முறையில் வழங்கிய தகட்டின் கனம் அங்குலத்தில் 1/1000 பங்கே.

1880-களின் இறுதியில் இத்தகட்டு முறைக்குப் பேடண்டு உரிமை பெற்றவர், 1903-ஆம் ஆண்டளவில் முழுப் பீங்கான் உறையைப் பல் வைத்தியர்முன் வைத்தார். அக்காலப் பீங்கான் எளிதில் விரிசல் கண்டதென்பதையும் நாம் மறைத்தலாகாது. 1965-ஆம் ஆண்டில் மக்லீன், ஹியூஸ் என்னும் இருவர் அலுமினா சேர்த்து அதற்கு வலுவூட்டினர்.

இன்று ஒளிக்கருவி பல்லை அளக்க, கணிப்பொறி ஏவும் யந்திரம் உறையைக் குடைகின்றது. சிர்க்கோனியாவை அரைச்சூட்டு நிலையில், வேண்டிய அளவினும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு பெரிதாகக் குடைந்து, பின் சுட்டுச் சுருக்குகின்றனர். லாண்டு தடுத்த சுருக்கத்தை இவர்கள் கணக்கிற் கொண்டனர். ஆயினும் குடையும் முனையின் பருமனினும் நுண்ணிய மூலையை யந்திரம் குடையமாட்டாது. அங்கே உறை சற்றுத் தளரும். கையால் தேய்த்த தகடோ மூலையிலும் படியும். ஆதலின் பழைய முறையை முற்றும் தாழ்வென்றல் நமக்கு உடன்பாடன்று.

லாண்டு 1922-ஆம் ஆண்டில் இறந்தார். டிட்ராயிட்டில் அவர் வீட்டு ஆய்வுக்கூடத்திற் சிறுவனாய் விளையாடிய பேரன் கடல் கடந்தது அதற்கு ஐந்தாண்டு பின்னர்.