செம்மண்ணின் சிற்பி

பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பகுதிகளுக்குச் செல்வோர் அங்குப் பழங்காலக் கல்திட்டைகளைக் காணலாம். அம்மலையிலேயே கிடைத்த பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, சாந்து பூசாமல் எழுப்பியவை அவை. அவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறோர் ஊரில் வைத்தால் கல் இருக்கும், பொருள் இராது. ஓரிடத்தின் கல்லையும் மண்ணையும் கொண்டு அவ்விடத்திற்கென்றே ஒன்றை ஆக்கும் வழக்கம் நம் நாட்டில் அத்துணைப் பழமையானது. கடந்த நூற்றாண்டில் அவ்வழக்கத்தைப் புதிய கலையாக்கியவர் வங்கத்துச் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ்.

அவர் 1906-ஆம் ஆண்டு மே மாதம் வங்காளத்தின் பாங்குரா நகரில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலை மரபாகக் கொண்ட ஏழைக் குடும்பம் அவருடையது. ஊரில் தெய்வ உருவங்களை வனையும் கைவினைஞர்களின் அருகே அமர்ந்து, அவர்கள் களிமண்ணைப் பிசைவதையும் வைக்கோற்கட்டின்மேல் அப்புவதையும் பார்த்துப் பழகினார். அதுவே அவருக்கு முதற்பள்ளி. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் உருவங்களை வரைந்தார். அதே ஊரைச் சேர்ந்த இதழாசிரியர் இராமானந்த சட்டர்ஜி அவ்வோவியங்களைக் கண்டு, 1925-இல் அவரைத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு அழைத்துச் சென்றார். அங்குக் கலாபவனத்தில் ஓவியர் நந்தலால் போஸ் ஆசிரியராக இருந்தார். இவ்விளைஞனுக்குக் கற்பிக்க இனி என்ன உள்ளது என்று அவர் வியந்ததாகவும், இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார்க்கட்டும் என்று இசைந்ததாகவும் கூறுவர். அவ்வாறு வந்தவர் தம் வாழ்வின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார்.

சாந்திநிகேதன் அமைந்த வீர்பூம் மாவட்டம் செம்மண் பூமி. மழைநீர் அரித்த ஓடைப்பள்ளங்களில் செம்புரைக் கல்லின் சரளை குவிந்து கிடக்கும். வெண்கல வார்ப்புக்கும் சலவைக்கல்லுக்கும் பணம் இல்லாத சூழலில், ராம்கிங்கர் அந்தச் சரளையைச் சிமெண்டுடன் கலந்தார். இரும்புக் கம்பிகளால் கூடு கட்டி, அக்கலவையைக் கை நிறைய அள்ளி அதன்மேல் எறிந்து ஒட்டவைத்தார். அது இறுகுமுன் கொத்தனாரின் கரணைகொண்டு வெட்டியும் செதுக்கியும் உருவம் கண்டார். வறுமையே இவ்வழியைக் காட்டியது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் வெயிலிலும் மழையிலும் உழைத்துக் காய்த்த உடல்களுக்கு மெருகேற்றிய வெண்கலம் பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

1935-இல் அவர் செய்த சுஜாதை சிலை, யூகலிப்டஸ் மரங்களின் நடுவே, அவற்றைப் போலவே மெலிந்து நெடிதாக நிற்கிறது. தமிழகத்திலிருந்து சென்று பயின்ற ஜெயா அப்பாசாமியின் உருவத்தை மனத்திற்கொண்டு இதனை அமைத்தார் என்பர். முதலில் அது நடந்து செல்லும் ஒரு பெண்ணின் உருவமாகவே இருந்தது. நந்தலாலின் யோசனைப்படி தலையில் ஒரு கலம் சேர்ந்ததும், புத்தருக்குப் பாயசம் படைத்த சுஜாதை ஆயிற்று. இச்சிலையைக் கண்ட தாகூர் சிற்பியை அழைத்துவரச் சொன்னார். கண்டிக்கப் போகிறாரோ என்று அஞ்சிச் சென்றவரிடம், ஆசிரமத் திடல் முழுவதையும் இத்தகைய சிலைகளால் நிரப்புமாறு கவிஞர் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

1938-இல் உருவான சாந்தால் குடும்பம் அவருடைய படைப்புகளுள் தலையாயது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் பழங்குடிக் குடும்பம் அது. ஆடவன் தோளில் காவடி சுமக்கிறான். பழனிக்குச் செல்வோரின் காவடியில் பாற்குடமோ சர்க்கரையோ இருக்கும். இவன் காவடியின் ஒரு கூடையில் இருப்பது அவன் குழந்தை. மனைவியின் தலையில் சுமை, இடுப்பில் மற்றொரு குழந்தை. உடன் ஒரு நாய். ஆளுயரத்தினும் பெரியனவாக, பீடமேறாமல், வழிப்போக்கரோடு வழிப்போக்கராக அவர்கள் நடக்கின்றனர். அக்காலத்தில் இந்திய நகரங்களின் பொதுவெளிகளில் ஆளுநர்களும் அரசர்களுமே சிலைகளாக நின்றனர். சென்னையின் மன்றோ சிலை இலண்டனில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை எழுந்தது 1959-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நாள்தோறும் அவ்வழியே வேலைக்குச் சென்ற சாந்தால் மக்கள், தாம் மிதித்த சரளையாலேயே தம்மைப் போன்றோர் உருவாகி நிற்பதைக் கண்டனர்.

1956-இல் செய்த 'ஆலைச்சங்கு' அவர்களின் மற்றொரு நாளைக் காட்டுகிறது. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரு பெண்கள் ஓடுகின்றனர். குளித்து உடுத்த ஈரச்சேலை காற்றிலேயே உலர வேண்டும். ஒருத்தி முன்னே நோக்க, மற்றவள் திரும்பிப் பார்க்கிறாள். பின்னே ஒரு சிறுவன் ஓடிவருகிறான். கனத்த சிமெண்டில் இத்துணை வேகம் எவ்வாறு கூடியது என்பதைச் சிற்பக்கலை பயில்வோர் இன்றும் ஆராய்கின்றனர்.

பின்னர்ப் புதுதில்லியில் இந்திய ரிசர்வ் வங்கியின் வாயிலுக்கு யட்சன், யட்சி சிலைகளைச் செய்யும் பணி அவரிடம் வந்தது. தொழிலையும் வேளாண்மையையும் குறிக்கும் அவ்வுருவங்களுக்கு ஏற்ற கல்லைத் தேடி இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்குவரை சென்றார். மலைக்கல்லை நகரத்திற்குக் கொண்டுவருவது பெரும்பாடாயிற்று; பணி பல ஆண்டுகள் நீண்டது. செம்மண் வெளியில் கைப்பிடி கைப்பிடியாக எறிந்து ஆக்கியவற்றின் துடிப்பு அவற்றில் சற்றுக் குறைவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

1970-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. எனினும் அவர் வாழ்க்கை எளிமையாகவே இருந்தது. வீட்டுக்கூரை ஒழுகியபோது, தாம் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களையே எடுத்து ஓட்டைகளை அடைத்தார். அந்த வண்ணம் நீரை உள்ளே விடாது என்பது அவர் கண்ட பயன். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் கொல்கத்தாவில் மறைந்தார்.

திறந்தவெளிக்கென ஆக்கிய சிலைகளை வெயிலும் மழையும் மெல்ல அரித்தன. கலவையிலிருந்து சரளை உதிர்ந்து, தான் வந்த மண்ணிலேயே விழத் தொடங்கியது. ஆகவே சாந்தால் குடும்பத்திற்கு இன்று மேலே கூரை அமைத்துள்ளனர். அதன் நிழலில், நாய் உடன்வர, அவர்கள் நடந்துகொண்டிருக்கின்றனர்.