கப்பித்தான் காதர் முகைதீன்

பினாங்கில் வியாபாரம் செய்யும் நம்மவரில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அறியாதார் இல்லை. ஜுருவிலிருந்து சரக்கெடுக்கப் பாலம் தாண்டிப் போகும் நாமும் அங்கே லுஹர் தொழுதுவிட்டே திரும்புகிறோம். அந்தக் கப்பித்தான் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

மர்ஹூம் காதர் முகைதீன் அவர்கள் சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர், கப்பல் வியாபாரி. 1786-ம் வருஷம் லைட் துரை இத்தீவில் கொடியேற்றிய பிறகு நம்மவர் பெருந்தொகையாய் வந்திறங்கினர். 1794-ல் லைட் துரை எழுதிய கணக்குப்படி இங்கே நிலைத்திருந்த சூலியர் சுமார் 1,000 பேர். அதற்கு மேல் வருஷந்தோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, நாலு காசு தேடிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். ஊரிலே காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கத் தாய் உண்டு, வயதானால் பார்க்கப் பிள்ளை உண்டு. இங்கே யார் இருந்தார்கள்? மவுத்தானால் குளிப்பாட்டி அடக்குவதற்குக்கூட உறவு கிடையாது. இந்த ஜனங்களுக்குத் தலைவராகக் கம்பெனியார் ஏற்றுக்கொண்டவர்தான் கப்பித்தான். வழக்குத் தீர்ப்பதும், அதிகாரிகளிடம் பேசுவதும் அவர் வேலை.

1801-ம் வருஷம் ஜார்ஜ் லீத் துரையின் ஆட்சியில் பள்ளிவாசலுக்கென்று 18 ஏக்கர் நிலம் கிடைத்தது. தொழுவதற்கு மட்டும் இவ்வளவு நிலம் எதற்கு? வியாபாரிகளான நமக்கு இது எளிதில் விளங்கும். கையில் கொடுத்த தர்மம் அன்றோடு செலவாகிவிடும்; வாடகை மாதாமாதம் வரும். பள்ளியைச் சுற்றி அடக்கஸ்தலமும் குடியிருப்பும் கடைகளும் அமைந்து, ஒரு சிறு கிராமமே உண்டாயிற்று. கப்பித்தான் தம் சொந்தச் சொத்திலும் ஒரு பகுதியை வக்பாக விட்டுச் சென்றார். 1834-ல் அவர் காலமானார்.

அதன் பின் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். நிர்வாகம் பார்த்தவர்களுக்குள் சச்சரவு மூண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வக்பு நிலத்தில் குடிசைகள் நெருங்கின. தெருக்களும் ஊடே போயின. யதீமுக்கும் கைம்பெண்ணுக்கும் முதியவருக்கும் சேரவேண்டிய வருமானம் வழியிலேயே கரைந்தது. வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்பார் சிலர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கணக்கு ஒழுங்காயிருந்தால் அவன் உள்ளே வர முகாந்திரமே இருந்திராது.

1905-ல் சட்டம் செய்து, முஸ்லிம், இந்து தர்மச் சொத்துக்களைப் பார்க்க ஒரு வாரியம் அமைத்தார்கள். குடிசைகள் அகற்றப்பட்டு வரிசையாய்க் கடைவீடுகள் எழும்பின, வாடகை பெருகிற்று. 1910-ஐ ஒட்டிப் பள்ளிவாசலும் நியூபிரானர் என்ற கட்டடக் கலைஞர் திட்டப்படி விரிந்தது. இன்று வக்புச் சொத்துக்கள் பினாங்கு இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

கிளிங் என்ற சொல் இப்போது நம்மில் பலருக்குக் கசக்கிறது. ஏளனமாய்ச் சொல்லிச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். அக்காலத்தில் அது கௌரவப் பட்டத்தோடு சேர்ந்த பெயர். பிட் துரையின் பெயரில் இருந்த வீதி இன்று கப்பித்தான் பள்ளிவாசலின் பெயரால் வழங்குகிறது. அவருடைய கபுர் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கம்போங் கோலத்தில் இருக்கிறது.