காலிக் கூண்டைத் தேடி வந்த பூச்சிகள்

தோட்டத்தில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறீர்களா? அதற்குள் இருக்கும் சிறு ரப்பர் துண்டைத் தேடி ஆண் அந்துப்பூச்சிகள் ஏன் வருகின்றன என்று யோசித்ததுண்டா? இந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ழான் ஆன்ரி ஃபேப்ர் என்ற பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர்.

தெற்கு பிரான்ஸின் சென் லியோன் கிராமத்தில் 1823-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகையில் படித்து, 19 வயதில் ஆசிரியரானார். சாயம் தரும் மஞ்சிட்டி வேரிலிருந்து சாயத்தைப் பிரிக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அது கைகூடிய நேரத்தில், நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் வந்துவிட்டது. மஞ்சிட்டி விவசாயிகளின் பிழைப்போடு இவருடைய நம்பிக்கையும் போனது. பூவில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பெண்களுக்கும் பாடம் நடத்தினார். அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. வேலையும் போனது, வாடகை வீடும் போனது.

பாடநூல்கள் எழுதிச் சேர்த்த பணத்தில், 1879-ல் செரிஞான் ஊரில் கல்லும் முள்ளுமான ஒரு தரிசு நிலத்தை வாங்கினார். பயிர் வைக்க அல்ல, பூச்சிகளைப் பார்க்க! அப்போது அவருக்கு 55 வயது.

அங்கே ஒரு மே மாதக் காலையில், கூட்டுப்புழுவிலிருந்து பெரிய மயில் அந்துப்பூச்சி ஒன்று வெளிவந்தது. பெண் பூச்சி. அதைக் கம்பிவலைக் கூண்டில் மூடி வைத்தார். அன்றிரவு சுமார் 40 ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன. வெளியே கும்மிருட்டு, வீட்டைச் சுற்றி மரங்கள். கண்ணால் பார்த்து வந்திருக்க முடியாது.

ஃபேப்ர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெண் பூச்சியை இடம் மாற்றி வைத்தார், அங்கேயும் வந்தன. காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தார்; ஒன்றும் வரவில்லை. பிறகு வேறொரு இனத்துப் பெண் பூச்சியை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி கண்ணாடிக்குள் மூடி ஜன்னலோரம் வைத்தார். அது முந்தின இரவு தங்கியிருந்த காலிக் கூண்டை அறையின் மறுகோடியில் போட்டார். ஆண் பூச்சிகள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் தாண்டிப் பறந்துபோய்க் காலிக் கூண்டை மொய்த்தன. பூச்சி உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒரு வாசனைதான் அவற்றை இழுத்தது. மனித மூக்குக்கு அது தெரியவே இல்லை.

வாசனையின் பெயர் தெரியாமலே, 1915-ல் தம் 91-வது வயதில் அவர் மறைந்தார். ஜெர்மனியின் பூட்டனான்ட் குழு சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து அத்தகைய பொருளை முதன்முதலில் பிரித்தறிந்தது 1959-ல். ஆப்பிள் காயைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் வாசனை 1971-ல் தெரிந்தது. இன்று பல நாடுகளின் ஆப்பிள், பேரித் தோட்டங்களில் அதை வைத்த பொறிகள் தொங்குகின்றன. ஆண் பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதன்பின் பதிவாகும் வெப்பத்தைக் கூட்டி, முட்டை பொரியும் நாளைக் கணக்கிடுகிறார்கள். புழு காய்க்குள் நுழைந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் அந்தச் சில நாட்கள்தான் முக்கியம்.

காலிக் கூண்டின் பாடம் உங்களுக்கும் உதவும். வாசனை தொட்ட இடத்தில் ஒட்டும். எனவே ஒரு பூச்சிக்கான துண்டைத் தொட்ட கையால் வேறு பூச்சிக்கானதைத் தொடாதீர்கள். பொறி தவறான கணக்குக் காட்டும். குறிப்பிட்ட காலத்தில் துண்டை மாற்றுங்கள். வாசனை தீர்ந்த பொறியில் பூச்சி விழாததைக் கண்டு, தோட்டத்தில் பூச்சியே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். கண்காணிக்கக் கட்டும் ஒன்றிரண்டு பொறிகள் பூச்சியை ஒழிக்கா; எப்போது வருகிறது என்று மட்டுமே சொல்லும். விழுந்ததை எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தரிசு நிலத்தில் உட்கார்ந்து அந்தப் பள்ளி ஆசிரியர் செய்ததும் அதைத்தான்.